வாடகை வீட்டு ஹாலை நீங்களே அழகாக்குவது எப்படி: சுவர், கோலம், சேலைத் திரை, விளக்கு

வீட்டை அழகுபடுத்தணும் என்று தோன்றியதுமே பலரும் முதலில் செய்வது போனை எடுத்து வால் ஸ்டிக்கர், செயற்கைப் பூ, சின்னச் சின்னப் பொம்மை என்று ஆர்டர் போடுவதுதான். ஏற்கெனவே நெரிசலாக இருக்கும் ஹாலில் இன்னும் நாலு பொருள் வந்து உட்காரும், வீடு அப்படியேதான் இருக்கும். நான் சொல்வது இதற்கு நேர் எதிரான வரிசை. முதலில் ஹாலைக் காலி பண்ணுங்கள், பிறகு சுவர், பிறகு துணி, பிறகு வெளிச்சம், எல்லாம் முடிந்து கடைசியில்தான் அலங்காரப் பொருள். இந்த வரிசையில் போனால் கடைசியில் வாங்க வேண்டியது ரொம்பக் குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் நம் வீடுகளில் அழகான பொருளுக்குப் பஞ்சமே இல்லை, அதெல்லாம் பரண்மேல் மூட்டையில் கிடக்கிறது.

தமிழ்நாட்டு நகரங்களில் இருக்கிற சாதாரண இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டை, அதுவும் வாடகை வீட்டை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். சொந்த வீடு என்றால் இன்னும் வசதி. வாடகை என்றால் வேலையைத் தொடங்கும் முன்பே ஓனரிடம் கேட்டுவிடுங்கள், அதையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று அட்வான்ஸில் ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வது பல இடங்களில் வழக்கம். "எப்படியும் நாங்கள் போன பிறகு பெயின்ட் அடிக்கத்தான் போகிறீர்கள் சார், இந்த ஒரு சுவருக்கு மட்டும் நானே நல்ல எமல்ஷன் அடித்துக்கொள்கிறேன்" என்று கேட்டால் மறுக்க அவர்களுக்குப் பெரிய காரணம் இருக்காது.

காலி செய்வது

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நகர்த்த முடிந்த எல்லாவற்றையும் ஹாலில் இருந்து பெட்ரூமுக்கு மாற்றுங்கள். ஷோகேஸில் அடைந்து கிடக்கும் ரிட்டர்ன் கிஃப்ட், மூடி தொலைந்த டப்பா, ஓடாத கடிகாரம் எல்லாமே போகட்டும். பிறகு குடும்பத்தோடு காலி ஹாலில் தரையில் உட்கார்ந்து, இந்த அறையில் நாம் தினமும் என்ன செய்கிறோம் என்று பேசுங்கள்: யார் எங்கே படிக்கிறார்கள், தாத்தா எந்த நாற்காலியில் பேப்பர் படிப்பார், சாப்பிடுவது தரையிலா மேஜையிலா, நவராத்திரிக்குக் கொலு எந்தச் சுவர் ஓரம் வரும். இதற்கெல்லாம் தேவைப்படுவது மட்டும் திரும்பி வரட்டும். தினசரி காலண்டர் கட்டாயம் வரணும், பாட்டி ராகு காலம் பார்க்காமல் வெளியே கிளம்ப மாட்டார்கள். ஆனால் அது ஹாலின் நடுச்சுவரில் தொங்க வேண்டியதில்லை, சமையலறை வாசல் ஓரம் போதும்.

டிவிக்குப் பின்னால் தொங்குகிற வயர்களுக்கு எலக்ட்ரிகல் கடையில் பிவிசி கேசிங் பட்டை கிடைக்கும். அதற்குள் வயரை விட்டு மூடி, சுவர் நிறத்தையே அதன் மேலும் அடித்துவிட்டால் பாதி அலங்கோலம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சுவர்: இங்கேதான் நேரம் போகும்

பெயின்ட் கடைக்குப் போகும் முன் சுவரைப் படியுங்கள். உள்ளங்கையைச் சுவரில் வைத்து அழுத்தித் தேயுங்கள். கையில் வெள்ளை மாவு ஒட்டினால் அது சுண்ணாம்போ பழைய டிஸ்டம்பரோ அடித்த சுவர். அதன்மேல் நேராக எமல்ஷன் (தண்ணீரில் கலக்கி அடிக்கிற சுவர் பெயின்ட்) அடித்தால் ஒரு வருஷத்தில் அப்பளமாக உரிந்து வரும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசியைத் துடைத்து, பிரைமர் (பெயின்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கிற அடிப்பூச்சு) அடித்த பிறகுதான் எதுவும். ஸ்டிக்கர் ஹூக்குகள் இந்தச் சுவர்களில் நிற்காததற்கும் இதுவே காரணம். பசை சுவரைப் பிடிப்பதில்லை, மாவைத்தான் பிடிக்கிறது.

அடுத்தது ஓதம். சுவரின் கீழ்ப்பகுதியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ, பெயின்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பியிருந்தாலோ ஒரு சோதனை செய்யுங்கள். ஓரடிச் சதுரத்துக்குக் கனமான பாலித்தீன் தாளை வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டுக் காற்றுப் போகாமல் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் ஈரம் கோத்திருந்தால் தண்ணீர் சுவருக்குள் இருந்து வருகிறது: பின்பக்கம் பாத்ரூம் பைப்பா, மேல் வீட்டுக் கசிவா, வெளிச்சுவர் விரிசலா என்று ஓனர்தான் ஆள் வைத்துப் பார்க்கணும். அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலையான பெயின்ட் அடித்தாலும் வீண். வெளிப்பக்கம் மட்டும் ஈரம் என்றால் அறைக்குள் இருக்கிற ஈரக்காற்றுதான் பிரச்சினை, ஜன்னலைத் திறந்து வையுங்கள், துணியை ஹாலில் காயப்போடாதீர்கள்.

காலமும் முக்கியம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வெள்ளையடிப்பது நம் வழக்கம், ஆனால் சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, சுவர் காயவே காயாது. பொங்கல் முடிந்து மாசி, பங்குனியில் அடித்தால் பட்டியும் (ஓட்டை, விரிசலை அடைக்கிற பூச்சு மாவு) பெயின்ட்டும் நன்றாக இறுகும். பண்டிகைக்கு முன் முடிக்கணும் என்றால் ஆவணிக்குள், அதுவும் மழையில்லாத நாள்களாகப் பார்த்து முடித்துவிடுங்கள்.

குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு ஒரு எச்சரிக்கை. வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த கதவு, ஜன்னல் கம்பி, கிரில் எல்லாவற்றிலும் இருக்கிற பழைய எனாமல் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அவற்றை உலர்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற வாட்டர் பேப்பரைப் பயன்படுத்துங்கள், முகத்துக்கு மாஸ்க் போடுங்கள், சின்னப் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அன்றைக்கு வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், கடைசியில் ஈரத்துணியால் தரையைத் துடையுங்கள்.

இனி வேலை. ஆணி அடித்த ஓட்டைகளுக்கும் மயிரிழை விரிசல்களுக்கும் ஒரு கிலோ பட்டிப் பாக்கெட் போதும். ஒரு கிலோவுக்கு 350 முதல் 400 மில்லி தண்ணீர். பட்டித் தகட்டில் எடுத்தால் வழியாமல் நிற்கணும். கலந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள், கெட்டியானதில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் பிடிப்பு இருக்காது. ஆழமான ஓட்டையை ஒரே தடவையில் அடைக்காமல் இரண்டு தடவையாக அடையுங்கள், இல்லாவிட்டால் காய்ந்ததும் குழி விழும். மறுநாள் 180 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, 320 நம்பரால் வழவழப்பாக்கி, தூசியைத் துடைத்து, ஒரு கோட் பிரைமர். தேய்த்து முடித்ததும் டார்ச் வெளிச்சத்தைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து அடித்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் எல்லாம் நிழலாகத் தெரியும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், ஒரு மேட்டைக்கூட விட மாட்டார்கள்.

பத்தடிக்குப் பத்தடிச் சுவர் என்றால் 100 சதுர அடி. எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் போகும், பிரைமர் ஒரு லிட்டர். எந்தச் சுவர் என்று கேட்டால், ஜன்னலுக்கு நேர் எதிர்ச்சுவர். வெளிச்சம் நேராக விழுவது அதில்தான், அடர்ந்த நிறம் அங்கே உயிரோடு நிற்கும். ஜன்னல் இருக்கிற சுவரிலேயே அடர் நிறம் அடித்தால் பகலில்கூட இருட்டாகத் தெரியும். மற்ற மூன்று சுவரும் வெளிர் நிறமாகவே இருக்கட்டும். ஷேட் கார்டில் இரண்டு அங்குலச் சதுரத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். சாம்பிள் டப்பா வாங்கி, ஒரு முழு சார்ட் பேப்பரில் இரண்டு கோட் அடித்துச் சுவரில் ஒட்டி, காலை, மதியம், இரவு லைட் போட்ட பிறகு என்று மூன்று வேளையும் பாருங்கள். என்னைக் கேட்டால் காவி, அதாவது கோலத்துக்குக் கரை கட்டுகிற செம்மண் நிறம். நம் வெயிலுக்கும், பித்தளைக்கும், மரத்துக்கும், சிவப்புத் தரைக்கும், எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகிற நிறம் அது.

அடிக்கும் முன் ஓரங்களிலும் சுவிட்ச் போர்டைச் சுற்றியும் மாஸ்கிங் டேப், தரையில் பழைய போர்வை. டப்பாவில் போட்டிருக்கிற அளவுக்கு மேல் தண்ணீர் சேர்க்காதீர்கள். முதலில் இரண்டு அங்குல பிரஷ்ஷால் மூலைகளையும் விளிம்புகளையும் இழுத்துவிட்டு, அந்த ஈரம் காயும் முன் ரோலரால் உள்பகுதியை அடித்துக்கொண்டே வாருங்கள். ஒருவர் பிரஷ், ஒருவர் ரோலர் என்று இரண்டு பேர் சேர்ந்து செய்தால் கோடு விழாது. சீலிங் ஃபேனை நிறுத்துங்கள், ஃபேன் ஓடினால் விளிம்பு சீக்கிரம் காய்ந்து பட்டை பட்டையாகத் தெரியும். நாலு மணி நேரம் கழித்து இரண்டாவது கோட். இடைவெளியில் ரோலரைக் கழுவ வேண்டாம், பாலித்தீன் பையில் சுற்றி வைத்தால் போதும். கடைசிக் கோட் லேசான ஈரமாக இருக்கும்போதே டேப்பைச் சாய்வாக இழுத்து எடுங்கள், முழுக்கக் காய்ந்த பிறகு எடுத்தால் பெயின்ட்டும் கூடவே பிய்ந்து வரும்.

சுவரில் ஒரு சிக்குக் கோலம்

காவி அடித்த சுவரில் வெள்ளைக் கோலத்தைவிட அழகான ஓவியம் எனக்குத் தெரியாது, அதற்கு எந்தக் கடையிலும் ஸ்டென்சில் வாங்க வேண்டியதில்லை. வீட்டில் அம்மாவோ பாட்டியோ அத்தையோ யாராவது ஒருவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். அவர்களை முதலில் தரையில் போடச் சொல்லி, போட்டு முடித்ததை மேலிருந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு புள்ளி ஏழு வரிசை, புள்ளிக்குப் புள்ளி 5 அங்குலம் என்று வைத்தால், வெளிச்சுற்றுக் கோட்டையும் சேர்த்து மூன்றடிச் சதுரத்துக்குள் அடங்கும், சோபாவுக்கு மேலே சரியான அளவு.

சுவர் அடித்து ஒரு வாரம் ஆன பிறகு தொடங்குங்கள். ரசமட்டம் வைத்துப் படுக்கைக் கோடு ஒன்று, நூலில் ஒரு நட்டைக் கட்டித் தூக்குக் குண்டாகத் தொங்கவிட்டு நேர்க்கோடு ஒன்று, இரண்டையும் சாக்பீஸால் போடுங்கள். பென்சில் வேண்டாம், அழித்தால் கறை நிற்கும். சாக்பீஸ் ஈரத்துணிக்கு ஓடிவிடும். அந்த இரண்டு கோட்டையும் அளவாக வைத்து 49 புள்ளிகளையும் சாக்பீஸால் குறித்து, பிள்ளைகளை விட்டுக் கோட்டை வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை தடவை அழித்தாலும் பரவாயில்லை. எல்லாப் புள்ளியையும் கோடு சுற்றிவிட்டதா, எங்கேயாவது முடியாமல் நிற்கிறதா என்று விரலை வைத்து ஓட்டிச் சரிபார்த்த பிறகுதான் பெயின்ட்.

வெள்ளை எமல்ஷனை ஒரு கிண்ணத்தில் எடுத்து, தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்க்கக் கரைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளுக்குப் பஞ்சுக் குச்சி, தொட்டு ஒரே அழுத்து. கோட்டுக்கு 6 நம்பர் உருண்டை பிரஷ். மேல் வரிசையில் தொடங்கிக் கீழே வாருங்கள், இல்லாவிட்டால் கை ஈரக் கோட்டின்மேல் உரசும். தரையில் போடும்போது மாவு விரலில் இருந்து விழுந்துகொண்டே இருக்கும், கோடு நிற்காது. சுவரில் பிரஷ் நடுவில் காய்ந்துபோகும், நிறுத்தித்தான் ஆகணும். அப்போது வளைவின் நடுவில் நிறுத்தாதீர்கள். இரண்டு கோடு ஒன்றையொன்று வெட்டுகிற இடத்தில் நிறுத்தி, அங்கிருந்தே மறுபடி தொடங்கினால் ஒட்டுப் போட்டது தெரியவே தெரியாது. கோலம் போட்டுப் பழகியவர் பிரஷ்ஷைப் பிடிக்கும்போது மணிக்கட்டு அசையாமல் முழங்கையில் இருந்து வளைப்பார், அந்த வளைவில் வருகிற உருட்சி நம் கைக்கு லேசில் வராது. அதனால் பெயின்ட் பிரஷ்ஷை அவர்களிடமே கொடுங்கள், கிண்ணத்தை நாம் பிடித்துக்கொள்ளலாம். முடிந்ததும் ஓரத்தில் அவர்கள் பெயரையும் வருஷத்தையும் சின்னதாக எழுதச் சொல்லுங்கள்.

வீட்டைக் காலி செய்யும்போது இதன்மேல் ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் வெள்ளை அடித்தால் பழைய சுவர்.

சேலைத் திரை

கட்டாமல் மடித்து வைத்திருக்கிற பருத்திச் சேலைதான் திரைக்கு ஏற்ற துணி. செட்டிநாட்டுக் கண்டாங்கி மாதிரி கனமான நெசவு, பெரிய கட்டம், அகலக் கரை இருந்தால் இன்னும் சிறப்பு. சின்னாளப்பட்டி சுங்குடியும் நன்றாக விழும். பட்டுச் சேலை வேண்டாம், மேற்கு வெயிலில் சாயம் வெளுத்து இழையும் நைந்துபோகும்.

சாதாரணச் சேலை ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. ஆளுயரக் கதவுக்கு ஏழரை அடியில் இரண்டு துண்டு வெட்டினால் மீதி மூன்றடி நிற்கும். ஒவ்வொரு துண்டும் சுமார் 45 அங்குல அகலம், இரண்டும் சேர்ந்து 90 அங்குலம், நாலடி அகலத்துக்கு அழகாகக் கொசுவி நிற்கும். இதில் பெரிய சௌகரியம் என்னவென்றால் சேலையின் கரை நீளவாக்கில் ஓடுகிறது, திரை தொங்கும்போது இரண்டு பக்கமும் கரை தானாக வந்துவிடும், பக்கங்களில் தையலே தேவையில்லை. மேலே கம்பி நுழைய மூன்று அங்குல மடிப்பு, கீழே இரண்டு அங்குல மடிப்பு, அவ்வளவுதான் தையல். வெட்டும் முன் ஒரு தடவை அலசிக் காயவையுங்கள், சுருங்குவதானால் அப்போதே சுருங்கட்டும். வெயில் நேராக அடிக்கிற ஜன்னல் என்றால் பின்னால் பழைய வேட்டியை உள்துணியாகக் கொடுத்துத் தையுங்கள், சாயம் ரொம்ப நாள் நிற்கும். மீதி மூன்றடி முந்தானைத் துண்டில் 16 அங்குலக் குஷன் உறை இரண்டு வரும்.

திரைக் கம்பியை ஜன்னலுக்கு ஆறு அங்குலம் மேலேயும், இரண்டு பக்கமும் ஆறு அங்குலம் தள்ளியும் போட்டால் ஜன்னல் பெரிதாகத் தெரியும். ஆனால் ஜன்னலுக்கு நேர் மேலே லின்டல் என்கிற உத்தரம் இருக்கும், அது கான்கிரீட், ஆணி வளையுமே தவிர இறங்காது. ஹேமர் டிரில், 6 மில்லிமீட்டர் கான்கிரீட் பிட், அதற்கேற்ற ராவல் பிளக் (ஸ்க்ரூ பிடிக்கத் துளைக்குள் செருகுகிற உறை). ஒரு நாளைக்கு டிரில் மெஷின் வாடகைக்குக் கிடைக்குமா என்று பக்கத்து ஹார்டுவேர் கடையில் கேட்டுப் பாருங்கள். பூச்சு மட்டுமே அரை அங்குலத்துக்கு இருக்கும், பிளக் அதைத் தாண்டி உள்ளே போனால்தான் பிடிக்கும். எவ்வளவு ஆழம் வேண்டுமோ அந்த இடத்தில் பிட்டில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடவே போடாதீர்கள், அந்த வழியில்தான் வயர் பைப் சுவருக்குள் இறங்கும். பாத்ரூமை ஒட்டிய சுவரிலும் தண்ணீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் கை வைக்காதீர்கள்.

வெளிச்சம்

நிறைய ஹால்களில் நடுவில் ஒரே ஒரு வெள்ளை டியூப் லைட், அதுவும் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற அளவு). காவிச் சுவரும் மரமும் அதில் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். பல்ப் அட்டையில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டது மஞ்சள் வெளிச்சம், 4000 நடுத்தரம். டியூப் லைட்டை எடுக்க வேண்டாம், பிள்ளைகள் படிக்கவும் பாட்டி பூக்கட்டவும் அது வேணும். கூடவே இரண்டு மூலையில் கண் மட்டத்துக்குக் கீழே 9 வாட் எல்இடி மஞ்சள் பல்ப் வையுங்கள், மாலையில் அதை மட்டும் போடுங்கள். ஹால் வேறு மாதிரி ஆகிவிடும்.

இதற்கு ஷேடு நீங்களே செய்யலாம். காய்கறிக் கடைகளில் பார்க்கிற மாதிரி மூங்கில் கூடை ஒன்றை வாங்கி, அடியில் நடுவில் ஹோல்டர் நுழைகிற அளவுக்கு இழைகளை விலக்கி, கவிழ்த்துத் தொங்கவிட்டால் சுவர் முழுக்கக் கூடையின் பின்னல் நிழலாக விழும். பல்புக்கும் மூங்கிலுக்கும் நடுவே குறைந்தது நாலு அங்குலம் இடைவெளி இருக்கட்டும், எல்இடி தவிர வேறு பல்ப் போடாதீர்கள், குண்டு பல்பு சூட்டில் மூங்கில் பற்றிக்கொள்ளும். வயர் இணைப்பை மட்டும் எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள்.

கடைசியில் பொருள்கள்

இப்போது பரணில் ஏறுங்கள். டிரங்குப் பெட்டியைத் துடைத்து, துரு இருந்தால் எமரித் தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமரும் எனாமலும் அடித்தால் டீப்பாய் ஆச்சு, உள்ளே போர்வையும் வைக்கலாம். பித்தளை அண்டா, உருளி, தூக்குவாளி எல்லாவற்றையும் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, நன்றாக அலசி, உடனே துணியால் ஈரம் போகத் துடையுங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடுக்காதீர்கள், ஒரு மூலைக்கு ஒன்று போதும். பத்தமடைப் பாய் இருந்தால் தரையில் விரியுங்கள், ஆனால் ஈரத்துணியால் துடைத்து அப்படியே விடாதீர்கள், கோரை பூஞ்சணம் பிடிக்கும்.

குடும்பப் போட்டோக்களை மாட்டும் முன் ஒவ்வொரு பிரேம் அளவுக்கும் நியூஸ் பேப்பரை வெட்டிச் சுவரில் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் அப்படியே விட்டு நகர்த்திப் பாருங்கள். நாம் அதிகம் உட்கார்ந்தே இருக்கிற ஹாலில் போட்டோவை உயரத்தில் மாட்டாதீர்கள், நிற்பவரின் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே என்பதுதான் சரி.

மணி பிளான்ட் பாட்டிலில் வளர்ப்பது எளிது, ஆனால் தண்ணீரை வாரத்துக்கு ஒரு தடவையாவது முழுக்க மாற்றிப் பாட்டிலைத் தேய்த்துக் கழுவணும், டெங்கு கொசு வளர்வதே இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான். உருளியில் பூ மிதக்க விடுவதும் அப்படித்தான், தினமும் மாற்றுங்கள். மணி பிளான்ட் இலையையோ டிஃபன்பேக்கியா என்கிற அலங்காரச் செடியின் இலையையோ கடித்தால் வாய் அரித்து வீங்கும், தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். புத்தக அலமாரியும் பீரோவும் உயரமாக இருந்தால் மேல் பக்கத்தில் ஒரு எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிணைத்துவிடுங்கள், பிள்ளைகள் ஏறினால் சாயாது.

மீந்த பெயின்ட்டைக் கீழே கொட்ட வேண்டாம், சாக்கடையிலும் ஊற்ற வேண்டாம். ஒரு சின்ன ஜாடியில் விளிம்புவரை நிரப்பி இறுக மூடி, ஷேட் நம்பரையும் தேதியையும் மேலே எழுதி வெயில் படாத இடத்தில் வையுங்கள். சைக்கிள் ஹேண்டில் உரசியது, கிரிக்கெட் பந்து பட்டது எல்லாவற்றுக்கும் ஸ்பாஞ்சில் தொட்டு ஒற்றி எடுத்தால் போதும், பிரஷ்ஷால் இழுத்தால் அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும்.